ஏறிய ஒரே எண்

பெறுநர்:
டாக்டர் ரஹ்மத்நிஷா அவர்கள்,
அறுவைப் பிரிவு, விழிக்காப்பு நிலையம்,
பாளையங்கோட்டை.

செப்டம்பர் 23

டாக்டரம்மா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவரை முதலில் உட்கார வையுங்கள். இடது பக்கம் ஆள் நின்றால் தெரியாது. வலது பக்கமாக வந்து பேசுங்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டாம். முதல் சொட்டு மருந்துக்கும் இரண்டாவது சொட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் படித்து முடிக்கிற அளவில்தான் எழுதியிருக்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பதிவேட்டுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் பொன்னுலிங்கம். அல்லியின் அப்பா. நான்கு மாதமாக நீங்கள் கேட்ட கையெழுத்தைப் போடாமல் இழுத்தவன்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த செய்திகளும் இதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் பிறகு விசாரணைக் குழுவுக்குப் போகும். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த நோயைப் பற்றித் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பார்க்கிற நரம்பு ஓரத்திலிருந்து வற்றிக்கொண்டே வருகிற நோய் இது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. வற்றிப்போன இடத்தில் இருட்டும் தெரியாது. பக்கத்தில் இருக்கிற சுவரையோ வானத்தையோ எடுத்து மூளை அந்த ஓட்டையில் ஒட்டுப் போட்டுவிடும். அதனால்தான் எல்லாரும் கடைசிவரை "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்கிறார்கள். கருவி வந்தபிறகுதான் வெளியே தெரிந்தது. அரை நிமிடத்தில் விழித்திரையைப் படம் பிடித்து, நூற்றுக்கு எத்தனை நரம்பு மிச்சம் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. மிச்ச எண் என்கிறோம். இப்போது டீக்கடையில்கூட "உமக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள்.

மே மாதம் அல்லிக்கு நாற்பத்தைந்து வந்தது. பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். பதினேழு வயது. அன்று உங்கள் அறையில் நடந்தது எனக்குச் சொல் மாறாமல் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு நாளைக்கு இருபது குடும்பம். எங்களுக்கு அந்த ஒரு நாள்தான்.

"சுத்தி வளைச்சுப் பேச இதுல ஒண்ணும் இல்ல சார்" என்றீர்கள். "ஒரு கண்ணுல உயிரோட இருக்கிற நரம்பு செல்ல எடுப்போம். ஆறு நாள் வளப்போம். அடுத்த கண்ணுல வைப்போம். எடுத்த கண்ணு போயிரும். வச்ச கண்ணு இன்னைக்கு இருக்கிறபடியே நிக்கும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது."

"ரெண்டு கண்ணையும் நிறுத்த வழியே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்தா சொல்லாமலா இருப்பேன்? இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. நாப்பதுக்குக் கீழ போயிட்டா எடுக்கிற செல்லு வளராது. அப்புறம் இந்த ஒரு வழியும் கிடையாது. மாசத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை குறைஞ்சுக்கிட்டு இருக்கு."

அல்லி அதுவரை சுவரில் இருந்த கண் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தக் கண்ண எடுப்பீங்க டாக்டர்? நான் இடது கண்ணுலதான் கண்ணடிப்பேன். அத விட்டுருங்க" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். என் மனைவி வடிவு சிரிக்கவில்லை. ஜூன் மூன்றாம் தேதிக்கு நாள் குறித்தீர்கள். பதினெட்டு முடியாத பிள்ளை என்பதால் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தேன். நம் பதிவேட்டில் எழுபத்திரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள். அதில் எண் ஏறியவர்கள் யாராவது உண்டா என்று தேடினேன். ஓரிரு எண் ஏறுவதும் இறங்குவதும் கருவியின் நடுக்கம், அதைத் தள்ளினேன். தட்டச்சுப் பிழைகளைத் தள்ளினேன். பதினோரு நாள் ஆயிற்று. கடைசியில் ஒரே ஒரு பெயர் நின்றது.

பேச்சிக்கனி, நாற்பத்தொரு வயது, உப்பளத் தொழிலாளி, தூத்துக்குடி. முதல் வாசிப்பு ஐம்பத்துமூன்று. மூன்று மாதம் கழித்து ஐம்பத்திரண்டு. அடுத்த வருடம் எழுபத்தொன்பது. அதற்கடுத்து எழுபத்தெட்டு.

ஒரு தடவை உயர்ந்திருந்தால் பிழை என்று ஒதுக்கியிருப்பேன். இரண்டு தடவை கீழே, இரண்டு தடவை மேலே. நாற்காலியிலிருந்து எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். அந்தப் பதிவில் 'மீட்சி' என்று குறியிட்டு ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினேன். அன்று மாலையே அவர்கள் அதைப் பூட்டிவிட்டார்கள். அவர்களுடைய குழு கூடி முடிவெடுக்காமல் இனி யாரும் அதில் ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது. பூட்ட வைத்தவன் நான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வடிவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்த கையோடு நின்றபடி கேட்டாள்.

"உங்க புஸ்தகத்துல மொத்தம் எத்தன பேரு?"

"எழுவத்திரண்டு லட்சம்."

"அதுல ஒருத்தி. வேற யாராவது வந்து இதச் சொன்னா நீங்க ஒத்துக்கிடுவியளா?"

"ஒருத்திக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாதா?"

"நடக்கட்டும். ஆனா மூணாம் தேதிக்கு முன்னால நடக்கணும்."

மே கடைசியில் தூத்துக்குடிக்குப் போனேன். நீங்கள் உப்பளத்தை வெயில் நேரத்தில் பார்த்திருக்கிறீர்களா? கீழேயும் மேலேயும் வெள்ளை. பத்து நிமிடத்தில் எனக்குக் கண்ணில் நீர் வடிந்தது. பெரிய பாத்திகளில் இயந்திரம் வாருகிறது. ஓரத்துப் பாத்திகளில் இப்போதும் பெண்கள்தான். ஐம்பதுக்குக் கீழே எண் உள்ளவர்களை இந்த வெளிச்சத்தில் நிறுத்தக்கூடாது என்பது சட்டம். அவர்களைக் காப்பாற்றுவதற்காக வந்த சட்டம். என் கழுத்தில் அலுவலக அட்டையைப் பார்த்ததும் பாத்தியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

கங்காணி "பேச்சிக்கனி" என்று கூப்பிட்டபோது இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். ஒருத்தி உடனே குனிந்துகொண்டாள். இதை அன்றே பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

உயரமான பெண் வந்தாள். தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு.

"நான் எந்தத் தப்பும் செய்யலியே அண்ணாச்சி" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"தப்புக்கு வரலம்மா. ஆராய்ச்சிக்கு வந்திருக்கேன். உங்க கண்ணு நல்லா ஆயிருக்கு. இந்தப் பக்கத்துல யாருக்கும் இப்படி ஆகல. என்ன செஞ்சீங்க? மருந்து ஏதாவது? சாப்பாடு ஏதாவது?"

அவள் திரும்பி, குனிந்து நின்ற இன்னொருத்தியைப் பார்த்தாள். பிறகு தன் காலடியைப் பார்த்தாள். வரப்போரமாக உமரிச்செடி சிவந்து படர்ந்திருந்தது. உப்பு மண்ணில் மட்டும் வளர்கிற செடி.

"உமரிதான் அண்ணாச்சி" என்றாள். "உமரிக்கீரைய அவிச்சுத் திங்கேன். அவிச்ச தண்ணியில மூஞ்சி கழுவுவேன். வேற ஒண்ணுமில்ல."

"தினமுமா?"

"ஆமா. தினமும்."

என் மகளுக்காக வந்தேன் என்று நான் சொல்லவில்லை. சொந்த வேலைக்கு அலுவலக அட்டையைப் பயன்படுத்துவது குற்றம். பத்தொன்பது வருட வேலை. ஆராய்ச்சிக்காக வாரம் ஒரு பை கீரை அனுப்ப முடியுமா என்று கேட்டேன். தலையாட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் தூத்துக்குடி பஸ்ஸில், நடத்துநர் இருக்கைக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் பை வந்தது. கழுவி, வேர் நீக்கி, ஈரத்துணியில் சுற்றி வந்தது.

ஜூன் மூன்றாம் தேதி காலை வடிவு தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படிவத்தை என் முன்னால் வைத்தாள். நான் உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அல்லிக்குக் காய்ச்சல் என்றேன். அல்லிக்குக் காய்ச்சல் இல்லை.

உமரியை இரண்டு தடவை அவித்து நீரை வடித்தாலும் உப்பு போகாது. அல்லி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "கண்ணு வருதோ இல்லியோ, இந்த வயசுல பிரஷர் வந்துரும்ப்பா" என்பாள். ஆனால் சாப்பிட்டாள். எனக்காகச் சாப்பிடுகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஜூனில் நாற்பத்துமூன்று வந்தது. ஜூலையில் நாற்பத்துநான்கு.

டாக்டரம்மா, என் எண் ஒன்று ஏறியிருக்கிறது, எனக்குக் குணமாகிறதா என்று கேட்டு வருடத்துக்கு நானூறு பேராவது நம் அலுவலகத்துக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. 'ஓரிரு எண் வேறுபாடு கருவியின் நடுக்கமே. அதைக் குணமாகக் கொள்ளாமல் உடனே மருத்துவரை அணுகவும்.' இந்த வாக்கியத்தை இதுவரை ஏழாயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். ஜூலையில் எனக்கு நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. அன்று அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வடிவு பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நீங்கள் கொடுத்த இரண்டாவது தேதியையும் தள்ளினேன்.

ஆகஸ்டில் நாற்பத்தொன்று. உங்கள் அறைக்கு ஓடிவந்தேன். கிடைத்த முதல் தேதி செப்டம்பர் இருபத்துநான்கு. "இப்பவாவது கையெழுத்துப் போடுங்க சார்" என்றீர்கள். அன்றைக்கே வந்து போடுகிறேன் என்றேன். நாற்பத்தொன்றில் ஒன்று போனாலும் நாற்பதில் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இடையில் கீரையும் ஏதாவது செய்யும் என்று அப்போதும் எனக்குள்ளே ஒரு மூலையில் இருந்தது.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி கையடக்கக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். முப்பத்தெட்டு. மறுபடி வாசித்தேன். முப்பத்தெட்டு. அரை மணி நேரம் கண்ணை மூடி இருக்கச் சொல்லிவிட்டு வாசித்தேன். முப்பத்தேழு.

"எவ்வளவுப்பா?" என்றாள்.

கருவியின் திரையை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.

"சரி" என்றாள். கருவியை என் கையிலிருந்து வாங்கி அதன் உறைக்குள் போட்டாள். முதல் தடவை உறையின் வாய்க்குப் பக்கத்தில் போட்டாள். அது தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி போட்டாள்.

அந்த வாசிப்பைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியவன் நான். இன்றுவரை ஏற்றவில்லை. பதிவேட்டில் அல்லி இப்போதும் நாற்பத்தொன்றில் இருக்கிறாள். இது என் இரண்டாவது குற்றம்.

பதினான்காம் தேதி மறுபடியும் தூத்துக்குடிக்குப் போனேன். கோபத்தில் போகவில்லை. பேச்சிக்கனி இன்னும் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள், அதைக் கேட்டுவிட்டால் முப்பத்தெட்டையும் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். காலில் விழவும் தயாராகத்தான் போனேன். கையடக்கக் கருவி பையில் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அளத்தில் குனிந்துகொண்ட அந்த இன்னொருத்திதான் எனக்கு டீ கொண்டுவந்தாள். அவள் பேச்சிக்கனியின் ஓரகத்தி. அண்ணன் தம்பிகளைக் கட்டியவர்கள். பெயர் சந்தனமாரி. முக்காலியில் டம்ளரை வைத்தாள். முக்காலியின் இடது விளிம்புக்கு வெளியே வைத்தாள். டீ என் காலில் கொட்டியது.

"கண்ணு தெரியலியாட்டி?" என்று பேச்சிக்கனி அதட்டினாள். அதட்டியவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சந்தனமாரியின் கையில் புதிதும் பழையதுமாகக் கீறல்கள் இருந்தன. செடி அறுக்கும் கத்தியின் கீறல்.

நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். இடது கையை நீட்டி, வலது கையை நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டேன். ஒரு பக்கம் சரியாகச் சொன்னாள். அடுத்த பக்கம், "நீங்க இன்னும் கைய நீட்டலியே அண்ணாச்சி" என்றாள். நான் நீட்டித்தான் இருந்தேன்.

கருவியை எடுத்து வாசித்தேன். நாற்பத்திரண்டு.

"அளத்துக்கு வர்ற எந்தக் கண்ணு கேம்ப்லயும் இவங்களப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

பேச்சிக்கனி சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாத்தாச்சு அண்ணாச்சி. ரெண்டு தடவ பாத்தாச்சு. எம் பேருல."

அந்த அளத்தில் ஒரு பெயருக்கு இரண்டு ஆள் உண்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒருத்தி பிள்ளை பெறப் போனால், ஒருத்திக்கு மேலுக்கு முடியாமல் போனால், வீட்டிலிருந்து இன்னொருத்தி அதே பெயருக்கு வேலைக்குப் போவாள். கங்காணிக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். வேலை நெருக்கும்போது இருவரும் ஒரே கூலிக்குச் சேர்ந்தே நிற்பார்கள்; மே மாதம் அந்தப் பெயருக்கு இரண்டு பேர் நிமிர்ந்தது அதனால்தான். பேச்சிக்கனிக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்த ஐந்து மாதமும் சந்தனமாரிதான் அந்தப் பெயரில் போனாள். முதல் கேம்ப் அந்த மாதங்களில் வந்தது. மறுவாசிப்பும் அப்போதே வந்தது.

"அம்பத்திரண்டுன்னாவ" என்றாள் பேச்சிக்கனி. "அடுத்த தடவ அம்பதுக்குக் கீழ வந்தா பேர அடிச்சிருவாவல்லா. ரெண்டு வீட்டுக்கும் அந்த ஒரு பேருதான். அதுனால அடுத்த கேம்புக்கு நான் போனேன்."

"படத்த வச்சுக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயப்படலியா?"

"படத்தத்தான் பொழுதடையுமுன்ன அழிச்சிருவாவளே. எங்க சங்கத்துல மூணு வருசம் கத்தி வாங்குனதுல்லா அது. கண்ணுக்குள்ள படம் புடிச்சா சீனி இருக்கு, பிள்ள உண்டாயிருக்குன்னு எல்லாத்தையும் பாத்துட்டு வேலைய விட்டு நிறுத்திக்கிட்டு இருந்தானுவ. எண்ண மட்டும் வச்சுக்க, படத்த அழின்னு நின்னோம்."

அது எனக்குத் தெரிந்த விதிதான். அந்த விதி வந்தபோது படங்களை அழிக்கும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள்.

"அப்ப இவங்க கண்ணு போகுதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

சந்தனமாரி குறுக்கே பேசினாள். "எனக்கு நல்லாத்தான் அண்ணாச்சி தெரியுது. அப்பப்ப வரப்புல இடறும். அவ்வளவுதான்." சற்றுப் பொறுத்து, "தெரிஞ்சாலும் எந்தப் பேருல போயி ஆஸ்பத்திரியில நிப்பேன்? பேச்சிக்கனிக்கு எழுவத்தெட்டுல்லா. நல்லாருக்கிறவளுக்கு எதுக்கு ஆப்பரேசன்னு கேப்பாவல்லா" என்றாள்.

"உங்க சொந்தப் பேரு?"

"கேம்ப்ல இல்ல. அளத்துக்குள்ள பதினோரு வருசமா நான் பேச்சிக்கனிதான்."

நான் பேச்சிக்கனியிடம் கேட்டேன். "உமரிய எதுக்கும்மா சொன்னீங்க?"

"நீங்க அட்டைய மாட்டிக்கிட்டு வந்து நின்னிய. என்ன செஞ்ச, என்ன செஞ்சன்னு கேட்டிய. என்னமாது சொல்லணும்லா. காலுக்குக் கீழ அதுதான் கெடந்துது." என் முகத்தைப் பார்த்தாள். "ஆராய்ச்சிக்குன்னுதான சொன்னிய? கீரைய வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு ஒண்ணுமில்லன்னு போயிருவியன்னு நெனச்சோம். வாராவாரம் இவதான் அறுத்து அனுப்புனா. கெவருமெண்டு காரியம், சுத்தமா இருக்கணும்னு ஒவ்வொரு தண்டா கழுவுவா."

"கீரை என் மகளுக்காகத்தாம்மா" என்றேன். "பதினேழு வயசு."

சந்தனமாரி கீறல் விழுந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு பேச்சிக்கனி மெல்லிய குரலில் சொன்னாள்: "பிள்ளைக்குன்னு ஒரு வார்த்த அன்னைக்குச் சொல்லியிருக்கப்படாதா அண்ணாச்சி."

சொல்லியிருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பாள். ஜூன் மூன்றாம் தேதிக்கு அப்போது நான்கு நாள் இருந்தது. அவள் ஒரு பெயருக்குப் பயந்தாள். நான் ஓர் அட்டைக்குப் பயந்தேன்.

பஸ்ஸில் வரும்போது விதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பேச்சிக்கனியின் பதிவைப் பிரிக்கக் குழு கூட வேண்டும். நான் வைத்த குறியால் அது பூட்டிக் கிடக்கிறது. சந்தனமாரியைப் புதிதாகச் சேர்த்தால், மாதம் ஒன்றாக மூன்று வாசிப்பு இல்லாமல் அறுவைக்கு அனுமதி இல்லை. கருவியின் நடுக்கத்தை நம்பி யாருடைய கண்ணையும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதி. அந்த மூன்று மாதத்தில் நாற்பத்திரண்டு நாற்பதுக்குக் கீழே போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கதவு, ஒவ்வொரு கதவும் யாரையோ காப்பாற்றுவதற்காக வைத்தது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். வடிவு என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுக்களையில் மிச்சம் இருந்த உமரியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அல்லிதான் கேட்டாள்.

"அந்த அக்காவுக்கு எவ்வளவுப்பா?"

"நாப்பத்திரண்டு."

"உங்க புஸ்தகத்துல எனக்கு எவ்வளவு இருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"ஒரு எண்ணுதான வித்தியாசம். கருவியோட நடுக்கம்னு எழுதிருங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்ப்பதாக நினைத்து, எனக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருவத்திநாலாம் தேதி எனக்கு எதுக்குப்பா? சும்மாதான கெடக்கு" என்றாள். "ஆனா ஒண்ணு. கண்ணடிக்கிற கண்ணு எதுன்னு அவங்ககிட்டயும் கேக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, நேரம் போகப்போக வேறொன்றாக மாறியது. வடிவு எழுந்து போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். என்னை இருவரும் கூப்பிடவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

படிவத்தை எடுத்தபோது வடிவு ஒன்றே ஒன்று சொன்னாள். "எங் கையெழுத்து அதுல ஜூன் மூணாந்தேதியே இருக்கு. அந்தத் தேதிய யாரும் திருத்தக் கூடாது." திருத்தவில்லை. அப்படியே இருக்கிறது.

எனவே, டாக்டரம்மா, உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பத்துநான்கு வயது. பட்டினியாகத்தான் வந்திருக்கிறார். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை; நேற்று வெளியே ஒரு டாக்டரிடம் பார்த்து, சீட்டைப் பின்னால் இணைத்திருக்கிறேன். எந்தக் கண்ணைக் கொடுப்பது என்று கேட்டேன். "இடதுலதான ஓரம் இல்ல. அதுல இருக்கிறத எடுத்துக்கிடட்டும்" என்றார். சம்மதம் அவருடையது, அவருடைய கைநாட்டு தனித்தாளில் இருக்கிறது. நீங்களும் ஒருமுறை அவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொருவருடைய முறையை இவர் பறிக்கவில்லை. பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு ஐம்பத்தேழு. அடுத்த மாதம்வரை அவருக்கு ஒன்றும் ஆகாது. அதைச் சரிபார்த்துவிட்டேன்.

பேச்சிக்கனியின் பதிவில் முதல் இரண்டு வாசிப்புகள் சந்தனமாரியுடையவை. பிரித்து எழுதக் குழுவுக்குத் தனியாக மனு வைத்திருக்கிறேன். 'மீட்சி' என்ற குறியை அடித்துவிடச் சொல்லுங்கள். எழுபத்திரண்டு லட்சம் பேரில் எண் ஏறியவர் ஒருவரும் இல்லை. வேறொரு அப்பன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தேடினால் அவனுக்கு அது கிடைக்கக் கூடாது.

இது வெளியே வந்தால் அளத்தில் பெயர் போய்விடும் என்று பேச்சிக்கனியிடம் சொன்னேன். "போட்டும். வேற எவ பேருலயாவது போயி நிப்பேன்" என்றாள். என்னைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. விசாரணைக்கு எந்தத் தேதியில் கூப்பிட்டாலும் வருகிறேன். அல்லியை அழைத்துக்கொண்டு எங்கும் போக வேண்டிய தேதி இனி எங்களுக்கு இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வெளியில் பெயர் கூப்பிடும்போது அல்லி என்றே கூப்பிடச் சொல்லுங்கள். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால்தான் அறுவை அறையின் கதவு திறக்கும். எழுந்து வரும்படி அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னொருத்தி பெயருக்கு எழுந்து வந்து அவருக்குப் பழக்கம்தான். உள்ளே போய்ப் படுத்தபிறகு, மயக்க ஊசிக்கு முன்னால், சந்தனமாரி என்று ஒரு தடவை கூப்பிடுங்கள். அவருடைய கண் எடுக்கப்படும்போது அவருடைய பெயர் அந்த அறையில் இருக்கட்டும்.

நான்கு மாதமாக நீங்கள் கேட்ட கையெழுத்து, தகப்பன் என்ற இடத்தில், இன்றைய தேதியில், இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
பொன்னுலிங்கம்